பாடையில் எழுந்து பாடிய பாட்டு

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் கேட்டது ஒரு பிணம் பாடுகிற பாட்டு. கவிதை என்று நம்பி எழுதிக் குவித்தவை வேறு நிறைய இருக்கின்றன. அவற்றைப் பத்துப் பேர் படித்திருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேரிலும் பாதி என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்கள், முகத்துக்காகப் படித்தவர்கள். ஆனால் இந்தப் பாட்டை அட்டன் பஸ் ஸ்டாண்டில் கச்சான் கடலை விற்கிறவர் முணுமுணுக்கிறார். நாவலப்பிட்டியில் ஒரு சிங்களக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பொண்ணும் இதற்கு ஆடிக்கொண்டேதான் மண்டபத்துக்குள் வந்தார்கள். என்ன பாட்டுக்கு ஆடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நான் கோழிக்கறியை முன்னால் வைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே காலால் தாளம் போட்டேன். அப்படித் தாளம் போட்ட காலை வெட்டிப் போடலாம் போல இருந்தது, பிறகு.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன். நான் பூண்டுலோயா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சராக இருக்கிறேன். மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மத்தியானம், தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில், பெரட்டுக் களத்தில் ஒரு நாடகம் போடுவது வழக்கம். நல்லதங்காளையும் அரிச்சந்திரனையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன இளவட்டங்கள் ஒரு வருசம் என்னிடம் வந்து, சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என்னைக் கவிஞர் என்று நம்பியவர்கள் அவர்கள் மட்டும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் அம்மா எப்போதோ சொன்ன ஒரு விசயம் ஞாபகத்துக்கு வந்தது. தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரும் அந்தக் களத்தில் கூட வேண்டும். கணக்கப்பிள்ளை ஆள் பிரித்து எந்த மலைக்கு யார் என்று சொல்லுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். இப்போது சங்கு ஊதுகிறது. முன்பெல்லாம் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு என்கிற பறையைத்தான் அடிப்பார்களாம். சாவு வீட்டுக்கும் அதே தப்புதான், அடி மட்டும் வேறு. எங்கள் தாய்மாமா ஒருவர் அரைத்தூக்கத்தில் சாவு அடியைக் கேட்டு, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்து, படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு களத்துக்கு ஓடியிருக்கிறார். படங்கு என்றால் பனியும் கிளையும் உடம்பில் படாமலிருக்க இடுப்பில் கட்டிக்கொள்கிற சாக்குத்துணி. களத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் சாவு வீட்டில் இருந்தார்கள்.

இந்தத் தவறை உயிரோடு இருக்கிறவன் செய்யாமல் செத்தவனே செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அவ்வளவுதான், நாடகம் கையில் வந்துவிட்டது. ஒருவன் பாடையில் கிடக்கிறான். சுற்றிலும் அழுகிறார்கள். தப்பு அடிக்கிறது. அடி ஒரு மூச்சு நேரம் நின்று மறுபடியும் ஓங்குகிற இடத்தில் பிணத்தின் கால் பெருவிரல் ஆடுகிறது. பிறகு எழுந்து உட்கார்ந்து பெண்சாதியைத் திட்ட ஆரம்பிக்கிறது:

தப்புச் சத்தம் கேக்குதடி, படங்க எடுத்துத் தாடி
செத்துப் போயி படுத்திருந்தா அரப்பேராடி
லேட்டாப் போனா கணக்கப்புள்ள வெரட்டிப்புடுவாரு
பாடைய விட்டு எறக்கி விடடி, பெரட்டு முடியுது பாரு

ஒரு நாள் சம்பளத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பேர் என்று சொல்லுவோம். வேலை குறைந்தால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள். செத்த பிறகும் அரைப்பேருக்குப் பயப்படுகிறவன் எங்கள் ஆளைத் தவிர வேறு யாராக இருக்க முடியும். எழுதும்போதே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு நானே தனியாகச் சிரித்தேன்.

பிணமாக நடிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எதிர் லயத்து, அதாவது எதிர் வரிசை வீட்டு, அண்ணன் இருந்தார். தேயிலைச் செடியை மட்டமாகக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர், ஒல்லியான ஆள், நீளமான கால். சாதாரணமாக நேரம் என்ன என்று கேட்டாலே கேட்கப்பட்டவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படி ஒரு முகம். எனக்குச் சொந்த அண்ணன் இல்லை, சின்ன வயதிலிருந்தே அவரைத்தான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் பெண்சாதியை மதினி என்பேன். மதினி என்னைப் புள்ள என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கு வேலை கிடைத்த பிறகு டீச்சர் என்று மாற்றிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

தப்புக்குத்தான் கஷ்டப்பட்டேன். மேல் லயத்தில் இருக்கிற தப்புக்கார மாமாவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். கோயிலில் அவரை அடிக்கச் சொல்லுவார்கள், ஆனால் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கோபம் எனக்கு உண்டு. மேடையில் நடுவில் நிற்கலாம் மாமா என்று ஆசை காட்டினேன். அவர் சந்தோசப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கலியாண அடி அடிக்கிறேன், காமன் கூத்து அடி அடிக்கிறேன், எது வேண்டுமானாலும் கேளுங்கள், சாவு அடி மட்டும் வேண்டாம் என்றார். பிணம் இல்லாத இடத்தில் அதை அடிக்கிறதில்லையாம். நான் விடவில்லை. அந்த அடி இல்லாவிட்டால் பகிடியே இல்லை, கிழவன் கிழவிகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று வாதாடினேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன். அவருடைய மகள் என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை, இருவருக்கும் தெரியும். கடைசியில் சரி டீச்சர் என்றார்.

நாடகம் நடந்த அன்று காலையில் மழை, மத்தியானம் வெயில். மூங்கில் பாடையில் செவ்வந்தி மாலையோடு அண்ணன் கிடந்தார். பெண்சாதி வேசம் போட்ட இளவட்டம் சேலையை இழுத்து இழுத்து ஒப்பாரி வைத்தான். மாமா அடிக்கத் தொடங்கினார். தமாசு என்று தெரிந்தும் கூட்டத்தில் ஒரு அமைதி வந்தது, அந்த அடிக்கு அப்படி ஒரு பிடி. அடி நின்றது. பெருவிரல் ஆடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவிகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து படங்கைக் கேட்டபோது களமே குலுங்கியது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. என் பிள்ளை பிறந்த அன்றுகூட இவ்வளவு இல்லை என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள், ஆனால் உண்மை அதுதான்.

யாரோ போனில் வீடியோ பிடித்திருந்தார்கள். அது வெளியே போனது. அட்டனில் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுகிற ஒரு பையன் அதை எடுத்து, ஒப்பாரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தப்பு அடியை இரண்டு மடங்கு வேகமாக்கி, கீழே மெசின் தாளம் வைத்து விட்டுவிட்டான். அண்ணனின் குரல் அணில் குரல் மாதிரி ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஆடிப் போட்டார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் ஆடினார்கள். கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்து ஆபீஸ் பெண்கள் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். டுபாயில் வேலை செய்கிற எங்கள் பெடியன்கள் கட்டட வேலை நடக்கிற இடத்தில், தலையில் மஞ்சள் தொப்பியோடு ஆடினார்கள். கிரிக்கெட் மேட்சில் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். முச்சக்கரவண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது அந்த மெட்டு ஒலித்தது. தேர்தலுக்கு ஒரு கட்சிக்காரர் வரிகளை மாற்றிப் பாட வைத்தார். கல்வி அலுவலகத்தில் எனக்கு ஒரு கடிதமும் நேரத்துக்குத் தராத சிங்கள அம்மா, அந்தப் ‘படங்கு சிந்துவ’, படங்குப் பாட்டு, உங்களுடையதா என்று கேட்டு நாற்காலி போட்டுத் தேத்தண்ணி தந்தார். ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்தேன். யார் எழுதியது என்று கேட்காத இடத்தில்கூட நானே சொன்னேன்.

அண்ணனும் நன்றாகத்தான் அனுபவித்தார். கொத்மலையில் யாரோ அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்களாம், ஓட்டலில் காசு வாங்கவில்லையாம். தோட்டத்தில் அவர் பெயரே மறந்துபோனது. பொணம் என்றுதான் கூப்பிட்டார்கள். ‘பொணம் பெரட்டுக்கு வந்துருச்சா’ என்று கணக்கப்பிள்ளையே கேட்பார். அவரும் நாக்கைத் தொங்கப்போட்டுக் காட்டிவிட்டு மலைக்கு ஏறுவார்.

மதினிக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒரு நாள் தண்ணிப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் சொன்னார்:

“தாலி கட்டுன மனுசன ஊரே பொணம்னு கூப்புடுது டீச்சர். இது நல்லதுக்கில்ல.”

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? கலை என்றால் அப்படித்தான் மதினி, மேடையில் செத்தவர்களுக்கு ஆயுசு கூடும் என்று சொன்னேன். ஆயுசு கூடும் என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது, அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. மதினி தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். படித்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அடுத்த வருசம் திருவிழாவுக்கு முன்னமே அண்ணன் இறந்துபோனார். கவ்வாத்து மலையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பக்கத்தில் நின்றவர்கள் வழக்கம்போல நடிக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவன் படங்குப் பாட்டின் முதலடியைப் பாடியும் இருக்கிறான். அவர் சாய்ந்த பிறகுதான் ஓடிப் போய்த் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முன்னமே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் பெட்டியை வைத்தார்கள். அவரைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்திராதவர்களும் வந்தார்கள். மதினி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பெண்களோடு கால்மாட்டில் நின்றேன். கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

மத்தியானம் தூக்குகிற நேரம் நெருங்கியபோது மாமா தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்து வந்து அடிக்கத் தொடங்கினார். அதே அடி. அட்டன் பையன் வேகப்படுத்தாத, மெசின் சேர்க்காத அடி. ஆனாலும் கூட்டத்துக்குள் ஏதோ நடந்தது. வாசலில் நின்ற பிள்ளைகளின் தோள்கள் ஆடின. அவர்கள் வேண்டுமென்று ஆடவில்லை. அந்த அடி அவர்களுக்கு ஆட்ட அடியாகத்தான் தெரியும், சாவு அடியாகத் தெரியாது. பெரியவர்கள் முறைத்தார்கள். முறைத்தவர்களில் ஒருவருடைய காலும் அசைந்ததை நான் பார்த்தேன்.

அடி ஒரு மூச்சு நேரம் நின்றது. அந்த இடத்தில், அங்கே இருந்த அத்தனை பேரும் பெட்டியைப் பார்த்தோம். முகத்தை அல்ல, கால் பெருவிரலைப் பார்த்தோம். பின்னாலிருந்து ஒருவன் போனை உயர்த்திப் பிடித்தான். ஒரு பிள்ளை மெதுவாக, “படங்க எடுத்துத் தாடி” என்றது. யாரோ சிரித்தார்கள். அழுது அழுது வீங்கிய முகத்தோடு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பை அடக்குவதற்காக ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். எனக்கும் வந்தது. உதட்டைக் கடித்தேன், ஆனாலும் வந்தது. என் அண்ணன் செத்துக் கிடக்கிறார், நான் சிரிக்கிறேன்.

மதினி எழுந்து நின்றார்.

“அடிக்காதீங்க. நிப்பாட்டுங்க.”

மாமா குச்சியைக் கீழே விட்டார். அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. மதினி அழவும் இல்லை. எங்கள் தோட்டத்தில் தப்பு இல்லாமல் ஒரு பிணம் மயானத்துக்குப் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. தேயிலைக்குள் போகிற அந்தக் குறுக்குப் பாதையில் நடந்தவர்களின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது என்று, போய் வந்த ஆண்கள் சொன்னார்கள். எனக்குத் தப்புக்கார மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். பிணம் இல்லாத இடத்தில் அடித்ததால்தான் அடி பிணத்தைத் தேடிக்கொண்டது என்றார். அப்படியெல்லாம் இல்லை மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பழைய வகுப்புக் குரல் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் டிவிசனில் சாவு விழுந்தால் அவரைக் கூப்பிடுவது குறைந்துபோனது. பிள்ளைகள் ஆடும், வேண்டாம் என்கிறார்கள். நியாயம்தான். எங்கள் ஆட்களுக்குச் சாவு வந்தால் மலைக்கு மலை சொல்லி அனுப்ப இருந்த ஒரே சத்தம் அது. நான் அதைச் சிரிப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாட்டு மட்டும் சாகவில்லை. அவர் இறந்த செய்தி பரவியதும் இன்னும் அதிகமாக ஓடியது. போனில் அவர் படத்துக்குக் கீழே பூப் போட்டவர்களும் உண்டு, ‘உண்மையிலேயே பெரட்டுக்குப் போய்விட்டார்’ என்று பகிடி விட்டவர்களும் உண்டு. மதினி மகளைப் பார்க்கத் தலவாக்கலைக்குப் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு. புருசனுடைய குரல் அணில் குரலில் படங்கு கேட்கிறது, சுற்றிலும் இருக்கிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள், இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து காத்திருந்து, அதை நிறுத்தச் சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் எழுதியதுதானே, நான் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்திருந்தார்.

நான் அட்டனுக்குப் போனேன். அந்தப் பாட்டுக்காரப் பையனைக் கண்டுபிடித்தேன். நல்ல பையன், விசயத்தைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. தன்னிடமிருந்ததை என் கண் முன்னாலேயே அழித்தான். பிறகு போனைத் திருப்பி, மற்றவர்கள் போட்டிருப்பதை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. நான் போதும் என்று சொல்லிவிட்டேன். ஒரு சின்ன உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவன் தள்ளிக்கொண்டே போனபோது என் மனதில் ஒரு மூலை, இவ்வளவு பேரா என்று சந்தோசப்பட்டது.

பஸ்ஸிலாவது நிறுத்தலாம் என்று கண்டக்டரிடம் பேசினேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மதினி ஏறியதும் பாட்டு பாதியில் நின்றுவிடும். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் நின்றது என்று தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் காதில் சொல்லுவார்கள். கொஞ்ச நாளில் மதினி மறுபடியும் வந்தார்.

“என்னயப் பாத்தா பாட்ட நிப்பாட்டுறாங்க டீச்சர். அவரு வாய நாந்தான் பொத்துற மாதிரி இருக்கு. ஓடட்டும், விட்டுருங்க.”

நான் செய்கிற நல்லதும் இப்படித்தான் முடிகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததிலும் என்னைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன், மதினியைப் பற்றி இல்லை.

போன மாசிக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதினி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பையில் கொய்யாப்பழம். உட்காரும் முன்பே, அந்த முதல் வீடியோ உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். ஆடுகிறது வேண்டாம், களத்தில் யாரோ பிடித்தது. இருக்கிறது என்றேன். மதினி அதைப் பார்த்ததே இல்லையாம். நாடகத்தன்று பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே எழுந்து லயத்துக்குப் போய்விட்டாராம். பிறகு யார் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இப்போது ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனின் உண்மையான குரலைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். பாட்டு வருகிற இடத்துக்கு நேராகத் தள்ளிக் கொடுக்கப் போனேன். வேண்டாம், தொடக்கத்திலிருந்து என்றார். கதவைச் சாத்தச் சொன்னார்.

இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம். போனை என் மடியில் சாய்த்து வைத்துக்கொண்டேன். அண்ணன் பாடையில் கிடந்தார். சேலை கட்டிய இளவட்டம் விழுந்து புரண்டான், கூட்டத்தின் சிரிப்பு கேட்டது. மதினி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. தப்பு தொடங்கியது. மதினியின் கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது. அடிக்குத் தகுந்த மாதிரி இலேசாக அடித்துக்கொண்டார். பிறகு வாய் திறந்து, மிகவும் சின்னக் குரலில், ஒப்பாரி சொல்லத் தொடங்கினார். கவ்வாத்துக் கத்தியைப் பிடித்த கை, வாசலில் கழற்றி வைத்த செருப்பு, பாதி குடித்து வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி என்று ஒவ்வொன்றாக வந்தது. அன்றைக்கு இஸ்தோப்பில் சொல்லாததெல்லாம் வந்தது.

அடி நிற்கிற இடம் நெருங்கியது.

“நிப்பாட்டு, புள்ள.”

விரலை வைத்து நிறுத்தினேன். திரையில் அண்ணன் கண் மூடிக் கிடந்தார். இரண்டு கால் விரலும் சேர்ந்தே இருந்தன. சாவு வீட்டில் அன்றைக்கு, அடி நின்ற இதே இடத்தில் நாங்கள் சிரித்ததற்கு என்னை மன்னித்துவிடச் சொல்லி மதினியின் கையைப் பிடித்தேன். அதைச் சொல்ல ஒரு வருசமாகக் காத்திருந்தேன். மதினி என்னை விளங்காதவர் மாதிரிப் பார்த்தார்.

“சிரிச்சதுக்கா நிப்பாட்டச் சொன்னேன்? இல்ல புள்ள. எல்லாரும் காலப் பாத்தீங்கள்ல, நானும் பாத்தேன். எந்திரிச்சிருவாருன்னு நெசமாவே நெனச்சுட்டேன். மறுபடி அடிச்சு அவரு எந்திரிக்காமப் போயிட்டா நான் என்ன செய்யிறது? அந்தப் பயத்துலதான் அடிக்காதீங்கன்னேன்.”

இவ்வளவு காலமும் நான் சுமந்து திரிந்தது ஒரு சிரிப்பின் பாவத்தை மட்டும்தான். அதைவிடப் பெரிய ஒன்றை அந்த மனுசிக்கு நான் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. செத்த புருசன் எழுந்துவிடுவான் என்கிற நம்பிக்கையை, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கொடுத்தது நான் எழுதிய பகிடி.

“தப்பு இல்லாமலே அனுப்பிட்டேன் அவர. இப்ப அனுப்பிர்றேன். திரும்ப மொதல்ல இருந்து போடு. அந்த எடம் வந்ததும் நிப்பாட்டிரு. எந்திரிக்க விட்டுறாத.”

போட்டேன். அவர் அழுதார். அந்த இடத்தில் நிறுத்தினேன். மறுபடியும் போடச் சொன்னார், போட்டேன். ஊரெல்லாம் சிரிக்க நான் எழுப்பி உட்கார வைத்த ஆளை, எழுந்துவிடாமல் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினியின் குரல் ஏறியது, பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றது. கடைசித் தடவை, நிறுத்திய படத்தை வைத்துக்கொண்டு மதினி அழுதுகொண்டே இருந்தார். திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடாமலிருக்க மெதுவாகத் தொட்டேன். படம் ஓடிவிட்டது. அண்ணனின் பெருவிரல் ஆடியது.

பதறி நிறுத்தினேன். மதினி கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார், பார்க்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போயிட்டாரு என்றார். ஆமாம் மதினி, போயிட்டாரு என்றேன்.